மோட்டார் சைக்கிளில் ஏறி மலை சுற்றிய சைக்கிள்

ஒரு வண்டியை இன்னொரு வண்டி சுமந்துகொண்டு போனால், பார்க்கிறவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலிலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் போய்வந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

என் தங்கை மல்லிகாவைக் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் கணவர் காலமாகி இரண்டு வருடம். இரண்டு பிள்ளைகள். வீட்டிலிருந்த ஒரே சைக்கிளையும் "இது எங்க தம்பி வண்டி" என்று மூத்தார் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மல்லிகா பத்தாவது பாஸ் செய்தவள். ஊர்த் தபாலாபீசில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் வேலை காலியானதும் மனு எழுதிப் போட்டாள். பிறகு எனக்கு எழுதினாள்: "அண்ணா, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். சொந்த சைக்கிள் இருக்க வேண்டும். அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான் பையன்."

கடிதம் என் கைக்கு வந்தபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

சைக்கிள் என்னிடம் இருந்தது. எங்கள் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நர்சம்மா ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது என் மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பச்சை நிறம், பெண்கள் ஏறுவதற்கு வளைந்த குழாய், புடவை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்தில் வலை. என் மனைவி அதில் ஒரு நாளும் ஏறியதில்லை. துண்டு காயப்போட்டு வந்தாள்.

பஸ் மேலே போடலாமென்றால் மூன்று பஸ் மாற வேண்டும். மூன்று தடவை ஏற்றி இறக்கினால் சக்கரம் அப்பளமாக நெளிந்துவிடும். என் பழைய மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம் என்று சொன்னவன் நண்பன் தாஸ், பட்டறையில் வெல்டிங் செய்பவன். அன்று சாயந்திரமே ஆங்கிள் இரும்பை வெட்டி, வண்டியின் இடது பக்கம் ஒரு தாங்கி செய்துவிட்டான். சைக்கிள் அதில் நின்றபடியே பயணம் செய்யும். ஒரு பக்கம் சாயாமலிருக்க வலது பக்கம் ஒரு சின்ன மூட்டை அரிசி கட்டினோம், தங்கச்சி வீட்டுக்கு ஆச்சு என்று. அடங்காதது சைக்கிளின் ஹேண்டில்பார் ஒன்றுதான். குறுக்கே நீட்டிக்கொண்டு என் விலாவைக் குத்தியது. தாஸ் நட்டைத் தளர்த்தி, அதைத் திருப்பிச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டு, லேசாக இறுக்கினான்.

"போனதும் நேராக்கிடுடா. மறந்துடாத" என்றான்.

"இதைப் போயி மறப்பனா?" என்றேன்.

புதன்கிழமை விடியலில் கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் பூரி சாப்பிட நிறுத்தியபோது வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் திருட்டு வண்டி என்றார். "திருடனா இருந்தா இவ்ளோ ஆற அமர பூரி துன்னுவானா?" என்று இன்னொருவர் எனக்காக வாதாடினார். என்னை யாரும் கேட்கவில்லை. அவர்களே கேட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். கிழங்கு நன்றாக இருந்தது, இன்னொரு கரண்டி போட்டார்கள். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டி நிறுத்தி, சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாப்பா, அதுக்கு ஒடம்பு சரியில்லியா? தூக்கிகினு போற?"

இதை மறக்கக் கூடாது என்று அங்கேயே சிகரெட் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாவதோடு சரி. அதற்குமேல் படித்ததெல்லாம் இப்படி ஜனங்கள் வாயிலிருந்து வந்ததுதான்.

செங்கம் தாண்டி, மலை கண்ணுக்குத் தெரிந்ததும் பாதி வேலை முடிந்ததென்று நினைத்தேன். மணி மூன்றரை இருக்கும். ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே சாலை நிறைய ஜனம் எதிரே வந்தது. ஆண், பெண், கைக்குழந்தை, எல்லாரும் வெறுங்காலோடு. அன்று பௌர்ணமி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூமிக்கு அடியில் வேலை பார்க்கிறவனுக்குப் பௌர்ணமியும் அமாவாசையும் ஒன்று.

மலை சுற்றும் பாதை சாலையிலிருந்து பிரிகிற இடத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். கையை நீட்டி என்னை மறித்தார்.

"எதிர்ல எங்க போற? இவ்ளோ ஜனம் வருது, கண்ணு தெரியல?"

"கீழ்பென்னாத்தூர் போவணும் சார். அவசரம்."

"அவசரம்னா இப்பிடி லெப்ட்ல பூந்து ஜனத்தோட போ. மலைய சுத்திகினு அந்தப் பக்கமா டவுனுக்கு வந்துடலாம். மலை வலது கைப்பக்கம் இருக்கணும், அவ்ளோதான்." அப்புறம் சைக்கிளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

அப்படித்தான் நான் கிரிவலத்தில் சேர்ந்தேன். தங்கவயலில் காலைச் சங்கு ஊதினால் ஆயிரம் பேர் ஒரே பக்கம் பார்த்து நடப்போம். இங்கேயும் அப்படித்தான் நடந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்திலும் வேலைக்குப் போகிற களை இல்லை. நான் முதல் கியரில், கிளச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு, ஆரன் அடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஊர்ந்தேன். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் போல ஒரு வெள்ளைக்காரர், வேட்டியும் விபூதியுமாகக் கூடவே வந்தார். பேச்சை விட்டவர் போலிருக்கிறது. கழுத்தில் ஒரு சிலேட் தொங்கியது. அதில் ஆங்கிலத்தில் "ஏன்?" என்று எழுதி என் முகத்துக்கு நேரே காட்டினார். சுரங்கத்து ஆங்கிலத்தில் தங்கச்சி, தபாலாபீஸ், இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். துடைத்துவிட்டு "நல்லது" என்று எழுதினார். என்ன புரிந்ததோ.

இந்தப் பக்கம் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நடந்து வந்தார். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். டிராக்டரில் வந்திறங்கிய இருபது பேருக்கு அவர்தான் தலைவி. வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மடியிலிருந்து எடுத்து உரித்துத் தின்றபடியே என் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டு தம்பி. மலை சுத்துற எடம்."

கழற்றினேன். அவர் சைக்கிளைப் பார்த்தார், அந்தப் பக்கம் தொங்கும் அரிசி மூட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"வேண்டுதலா?"

"ஆமாம்மா. தங்கச்சிக்கு வேல கெடைக்கணும்" என்றேன்.

அது பொய்யில்லை. காலையிலிருந்து மனசுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன். ஆனால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலை சுற்றுவதாக நான் யாருக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லலாமென்று திரும்புவதற்குள் கன்னியம்மா பின்னால் வந்தவர்களுக்குச் செய்தி சொல்லியாகிவிட்டது. "தங்கச்சி வேலைக்கி சைக்கிள மலை சுத்த வச்சிகினு போறாரு. நைவேத்தியத்துக்கு அரிசியும் கட்டிகினு வந்துகிறாரு." யாரோ சைக்கிள் சீட்டில் குங்குமம் வைத்தார்கள். யாரோ பின்வலையில் கதம்பம் சுற்றினார்கள். ஒருவர் என் நெற்றியிலேயே விபூதி இட்டார்.

அப்போதுதான் கிளச் ஒயர் அறுந்தது.

அரை மணி நேரம் முதல் கியரில் பிடித்துப் பிடித்து விட்டதில் அதற்கும் பொறுமை போய்விட்டது. காலியான சாலையென்றால் தள்ளி ஓட்டிக் கியரில் போட்டுக் கிளப்பிவிடலாம். இந்தக் கூட்டத்தில் அப்படிச் செய்தால் நாலு பேர் காலை நசுக்கியிருப்பேன். அடி அண்ணாமலை கிராமம் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு மெக்கானிக் ஷாப் இருந்தது, பூட்டியிருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார்: "அவரு மலை சுத்தப் போய்கிறாரு. எதிர்ல வருவாரான்னு பாக்காதீங்க. எதிர்ல யாரும் வர மாட்டாங்க."

சரி, சைக்கிளை இறக்கி மிதித்தே போய்விடுவோம், இருட்டுவதற்குள் தங்கச்சி வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தேன். ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் வைத்தேன். கன்னியம்மா என் கையைப் பிடித்தார்.

"இன்னா பண்ற?"

"எறக்கப் போறம்மா."

"மலை சுத்த எடுத்த பொருள பாதில தரையில வப்பாங்களா? யார் தங்கச்சிக்கு வேல கெடைக்கணும், உன் தங்கச்சிக்கா, ஊரான் தங்கச்சிக்கா?"

உண்மையைச் சொன்னால் குங்குமம் வைத்தவர்கள், கதம்பம் சுற்றியவர்கள் எல்லாரையும் ஏமாற்றியவனாகிவிடுவேன். சொல்லாவிட்டால் சைக்கிள் இறங்காது. இதற்கிடையில் மனசின் ஒரு மூலையில், இறக்கி வைத்து, நாளைக்கு வேலை கிடைக்காமல் போனால்? என்றும் ஒன்று தட்டியது. நான் அப்படியொன்றும் பக்திமான் இல்லை. ஆனாலும் தட்டியது.

இப்படி ஒரு முறை உண்டா என்று கேட்டுவிடுவோமென்று அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் நின்ற குருக்களிடம் போனேன்.

"சாஸ்திரத்துல பாத்ததில்லை" என்றார் அவர். "ஆனா அந்தம்மா மாசாமாசம் வரா. நான் அவாளை எதிர்த்துப் பேசறதில்லை." சொல்லிவிட்டு வெளியே வந்து சைக்கிளுக்கும் ஒரு கற்பூரம் காட்டினார்.

இவர் சைக்கிளைச் சாமிக்கே விட்டுவிடப் போகிறாரா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நான் சைக்கிள் சீட்டை எட்டிப் பிடித்துக்கொண்டேன். கன்னியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"மலையாவே உக்காந்துகினு இருக்கிறவருக்கு சைக்கிள் எதுக்குய்யா? சுத்துறது நாமதான?"

சிகரெட் அட்டையில் இடமில்லை. இதைக் கை மணிக்கட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் என் மனைவி நம்புவதில்லை. மோட்டார் சைக்கிள், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது நான் மட்டும் இல்லை. இரண்டு பேர் பின்னால் கை கொடுத்தார்கள். அவர்கள் களைத்தால் வேறு இரண்டு பேர். சிலேட்டுக்காரர் ஒரு மைல் தூரம் மூச்சு வாங்கத் தள்ளினார். தள்ளினால் தங்களுக்கும் புண்ணியத்தில் பங்கு என்று ஒரு தம்பதி வரிசையில் வந்து காத்திருந்தார்கள். புளியோதரையைத் தையல் இலையில் வாங்கி என் கையில் திணித்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள். நான் ஹேண்டிலைப் பிடித்திருந்ததால் ஒரு பெரியவர் மோரை என் வாயிலேயே ஊற்றினார். வலது பக்கம் மலை கூடவே திரும்பிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் ஒரு முகம், நூறு அடி போனால் வேறு முகம். நாங்கள் அதைச் சுற்றுகிறோமா, அது எங்களைத் திருப்பிப் பார்க்கிறதா என்றே தெரியவில்லை.

இரவு எட்டு மணிக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்து நின்றோம். என் கால் இரண்டும் என்னுடையதாக இல்லை.

"சுத்து முடிஞ்சிடுச்சி" என்றார் கன்னியம்மா.

"அப்ப எறக்கலாமாம்மா?"

யோசித்தார். "யாருக்காக வேண்டுனியோ அவங்க கையால எறக்குறதுதான் மொற."

அந்த முறையை அவர் அந்த நிமிடத்தில்தான் கண்டுபிடித்தார் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை அவர். நாளைக் காலை பத்து மணிக்குள் சைக்கிள் தங்கச்சி கைக்குப் போகாவிட்டால் வேலை வேறொருவனுக்கு என்று நான் சொன்னதும், தன் மகனைக் கூப்பிட்டார். மகன்தான் டிராக்டர் ஓட்டுபவர். "எல்லாத்தையும் அப்படியே டிரெய்லர்ல ஏத்து" என்றார். ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். இரவு எல்லாரும் அங்கேயே படுத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல் மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள் மேல் சைக்கிள், சுற்றிலும் இருபது பேர், ஒரு மூலையில் அரிசி மூட்டை மேல் நான் என்று கிளம்பினோம். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஆள் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஆளும் இறங்கும்போது சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒன்பது அடித்தது, ஒன்பதரை அடித்தது. நான் தவித்ததைப் பார்த்துக் கன்னியம்மா சத்தம் போட்டார்: "மீதி பேரு எறங்காதீங்க. தபாலாபீசு பாத்துட்டு வரலாம், வாங்க."

நாங்கள் போய் நின்றபோது பத்தே கால். தபாலாபீஸ் என்பது ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. வாசல் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே எண்ணெய் போட்டுத் துடைத்த சைக்கிளோடு தலைவரின் மச்சான் பையன். சற்றுத் தள்ளி, வெறுங்கையோடு மல்லிகா. அழுது முடித்த முகம்.

இன்ஸ்பெக்டர் டிராக்டரைப் பார்த்தார். "என்ன ஊர்வலம் இது?"

"மல்லிகா சைக்கிள் சார்" என்றேன் மேலேயிருந்து.

"எது?"

"அந்த மோட்டார் சைக்கிள் மேல இருக்குது பாருங்க, அது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி. இறக்கி ஓட்டச் சொல்லுங்க. எனக்கு இன்னும் ரெண்டு ஊர் இருக்கு."

நான் நட்டுகளைக் கழற்றினேன். மல்லிகா டிரெய்லர் மேல் ஏறிப் பிடித்து, கன்னியம்மா சொன்னபடி தன் கையாலேயே சைக்கிளைத் தூக்கி இறக்கினாள். ஸ்டாண்டைத் தள்ளி ஹேண்டிலைப் பிடித்தாள். சக்கரம் வடக்கே பார்த்தது, ஹேண்டில் கிழக்கே பார்த்தது.

தாஸ் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் முழுக்கக் குங்குமம் பார்த்தேன், கற்பூரம் பார்த்தேன், இதை மட்டும் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுக்கத் திரும்பினால், அது டிரெய்லர் பலகை இடுக்கில் விழுந்து கிடக்கிறது. மச்சான் பையன் சிரித்தான். "சார், இது ஓட்ற சைக்கிளா, கும்புட்ற சைக்கிளா?"

"அண்ணா, நீ கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள் மல்லிகா.

புடவையை இழுத்துச் செருகினாள். சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை இரு கையாலும் பற்றி ஒரு வெட்டு வெட்டினாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வெட்டினாள். நேராகிவிட்டது. பின்வலையில் சுற்றியிருந்த கதம்பத்தை அறுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். மரத்தைச் சுற்றி, இன்ஸ்பெக்டரைச் சுற்றி, டிராக்டரைச் சுற்றி வந்து அவர் நாற்காலிக்கு முன்னால் ஒரு காலை ஊன்றி நிறுத்தினாள். மணியையும் ஒரு தடவை அடித்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "வழியில ரிப்பேரானா என்ன பண்ணுவேன்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "கேக்க வேண்டியதில்ல." எழுதத் தொடங்கினார்.

கன்னியம்மா சீட்டிலிருந்த குங்குமத்தை விரலில் தொட்டு மல்லிகா நெற்றியில் வைக்கப் போனவர், அவள் கொஞ்சம் பின்வாங்கியதும் புரிந்துகொண்டார். ஒரு நொடி நின்றார். பிறகு வைத்தேவிட்டார். "சாமி குங்குமம். இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்று மட்டும் சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்று நான் பின்னாலேயே நாலு அடி போனேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் டிராக்டர் திரும்பிவிட்டது.

அன்று சாயந்திரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் வந்து ஒயர் மாட்டிக் கொடுத்தார். இரவு மல்லிகா வீட்டில் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. அந்த அரிசியைத்தான் பொங்கினாள். பிள்ளைகள் இருவரும் சைக்கிள் பக்கத்திலேயே தூங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலியான தாங்கியோடு திரும்பினேன். செங்கம் சாலையில், மலை சுற்றும் பாதை பிரிகிற இடத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். சாலை வெறிச்சென்று கிடந்தது. டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தாங்கியை எட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கி சைக்கிள் வச்சிகினு சுத்துனவருதான நீங்க? எங்க அது?"

"குடுத்துட்டேன்."

கிளாசைக் கீழே வைத்துவிட்டு மலைப்பக்கம் கை கூப்பினார். "வேண்டுதல் நிறைவேறிச்சிங்களா?"

புதன்கிழமை வேண்டுதலா என்று கேட்டதற்கு யோசிக்காமல் ஆமாம் என்றேன். அதனால் நாலைந்து மைல் வெறுங்காலில் தள்ளினேன். இந்தத் தடவை டீ ஆறும்வரை யோசித்தேன். இது தாஸின் வெல்டிங்கா, ஒரு டிராக்டரா, என் தங்கச்சியின் முழங்காலா, அல்லது எனக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்த இந்த மலையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதையும் கழிக்க முடியவில்லை.

"நிறைவேறிச்சுங்க" என்றேன். கிளம்புவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி, காலித் தாங்கியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.